ஓல்டனில் ஒத்ராந்தோ

ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில்
எங்கள் பிட்சாக் கடை.
அடுப்புக்கு எதிர்ச்சுவர் முழுவதும் ஒத்ராந்தோ.

வரைந்தவன் ஃப்ரிடோலின், கிளாருஸ் மலைக்காரன்.
முதலாளி ஒரொன்சோ நீட்டிய
நான்கு தபாலட்டைகளையும் ஒரு போத்தல் வைனையும் வைத்து
மூன்று நாளில் முடித்தானாம்.
கடலை அவன் அதுவரை கண்டதில்லை.
அதனால்தான் அலைகள் எல்லாம்
உச்சியில் பனி தாங்கி
அசையாமல் நிற்கின்றன.

பத்தொன்பது வருடமாக மாவைச் சுழற்றியபடி
அந்தச் சுவருக்கு நான்தான் உரைகாரன்.

இது கோட்டை, அரகோன் அரசர் காலத்தது.
சுவரில் ஈரம் ஏறி வயிறு வீங்கியிருக்கிறது, பொறுங்கள்.
இது பலாஷியா கலங்கரை விளக்கம்,
இத்தாலியில் காலை வெயில் முதலில் கால் வைக்கும் கல்.
இந்தச் சிவப்பு, பாக்சைட் தோண்டி விட்டுப்போன பள்ளம்.
நடுவில் குளம், பாசிப்பச்சை.
ஃப்ரிடோலினிடம் பச்சை தீர்ந்துவிட்டது,
நீலத்தை நீங்கள் பச்சையாக எண்ணிக்கொள்ள வேண்டும்.

பேராலயத்தின் தரையைச் சுவரில் ஏற்ற முடியாது.
அதை வாயால் சொல்கிறேன்:
வாசலிலிருந்து பலிபீடம்வரை
பொடிக் கற்களால் படுத்திருக்கும் ஒரே மரம்.
கிளைகளில் அரசர்கள், மாதங்கள், நோவாவின் மரக்கலம்.
அடிமரத்தை முதுகில் தாங்குபவை
இரண்டு யானைகள்.
அடுக்கிய துறவி யானையைக் கண்டிருப்பாரோ,
கேள்வியிலேயே கட்டினாரோ.
இந்த இடத்தில் எப்போதும் எனக்குக் குரல் கொஞ்சம் ஏறும்,
ஏதோ எங்கள் வீட்டு யானைகள்போல.

அதே ஆலயத்தில், கண்ணாடிக்குப் பின்னால்,
குன்றின்மேல் வெட்டுண்டவர்களின் மண்டையோடுகள்.
எண்ணூறு.
அதைச் சொல்வதில்லை. ஆட்கள் சாப்பிடுகிறார்கள்.
ஒருமுறை ஒரு பொடியன் கேட்டான்,
அந்தக் குன்று மட்டும் ஏன் வெறுமையாக இருக்கிறதென்று.
சாயம் போதவில்லை என்றேன்.
எண்ணியாவது வைத்திருக்கிறார்களே என்பதை
மாவுக்குள் அழுத்தி மூடினேன்.

கடைசியாகப் பாம்புக் கோபுரம்.
இடிந்த ஒற்றைப் பல்.
கப்பல்களுக்கு ஏற்றிய விளக்கின் எண்ணெயை
இரவிரவாக ஒரு பாம்பு ஏறிக் குடித்ததாம்.
பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும்.
பிட்சா ஆறிப்போகும்.

போன வியாழன், மழை.
ஒரு அம்மா தனியே வந்து சுவரடி மேசையில் அமர்ந்தார்.
அத்தொலொராத்தா என்று பெயர்,
மகளைப் பார்க்க வந்தவர், ஒத்ராந்தோவிலிருந்தே.
பயற்று மசியலும் கசப்புக் கீரையும் கேட்டார்.
நான் சொன்னதை எல்லாம் முழுதாகக் கேட்டார்.
பிறகு கரண்டியை வைத்துவிட்டு,
"கோபுரம் ஊருக்குத் தெற்கே, மகனே.
இவன் வடக்கே நட்டிருக்கிறான்.
நீ கடைசியாகப் போனது எப்போது?"

போனதில்லை.
முதல் எட்டு வருடம் எல்லை தாண்டக் கூடாத அட்டை.
பிறகு சனியும் ஞாயிறும் கடை.
பிறகு, சொல்லிச் சொல்லி,
போகவேண்டிய தேவை இல்லாததுபோல் ஆகிவிட்டது.
இதில் எதையும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை.
ஆட்காட்டி விரலைத் தக்காளிச் சாற்றில் தோய்த்தார்,
எழுந்தார்,
பனிமூடிய அலைகளைக் கடந்து தெற்கே போய்
ஒரு பொட்டு வைத்தார்.
"இங்கே."

வெள்ளி காலை ஒரொன்சோ துணியும் சவர்க்காரமும் தந்தான்.
மற்றச் சுவர்களைத் துடைத்தேன்.

இப்போது பொட்டைக் காட்டித்தான் கதை சொல்கிறேன்.
காய்ந்து கறுத்துவிட்டது,
தூரத்திலிருந்து பார்த்தால் சரியாகக் கோபுரம்.

இரவு அடுப்பு அணைந்த பின்
ஒலிவ் எண்ணெய்ப் போத்தல்களை
ஒவ்வொன்றாக இறுக்கி மூடுகிறேன்.
இப்போது இரண்டு கோபுரம்.
பாம்பு எதிலிருந்து இறங்குமோ.